கடலைக் கட்டியவருக்கு ஒரு மா கூலி

தூத்துக்குடியில் ஒரு உப்பு வியாபாரியிடம் பதினான்கு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். எத்தனை டன் ஏறியது, லோடுமேன்களுக்கு எவ்வளவு, லாரி வாடகை எவ்வளவு, மழையில் கரைந்தது எவ்வளவு. இந்த வேலைக்கும் நான் எழுதிய மிகுபுனைவு (ஃபேன்டஸி) நாவலுக்கும் சம்பந்தம் இல்லை என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். நாவல் அச்சாகி வந்த பிறகு, "இந்தக் கதை உங்களுக்கு எப்படித் தோன்றியது?" என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிப் பார்க்கும்போதுதான் தெரிகிறது, அதைத் தூக்கி நிறுத்தியதே ஒரு கூலிக் கணக்கு என்று.

2016-ல் எழுத ஆரம்பித்தபோது என்னிடம் இருந்தவை ஏழு வாயில் வைத்த கோட்டை, நாடிழந்த இளவரசன், பறக்கும் நாகம், கை நீட்டினால் தீயை வரவழைக்கிற ஒரு மந்திரவாதி. இரண்டு வருடத்தில் நாற்பதாயிரம் சொற்கள் எழுதிவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து முதல் அத்தியாயத்தை வாசித்துக் காட்டினேன். பாதியில் கையை நிறுத்திவிட்டு, "ஏட்டி, இவங்க வீட்டுலயும் இப்படித்தான் பேசிக்கிடுவாங்களா? பசிச்சா என்ன சொல்லுவாங்க?" என்று கேட்டார்கள். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. என் மனிதர்கள் யாருக்கும் அதுவரை பசித்ததே இல்லை.

அன்றைக்கு இரவு யோசித்ததில் இன்னொன்றும் புரிந்தது. என் மந்திரவாதி எதைச் செய்தாலும் அவனுக்கு ஒன்றும் குறையவில்லை. தீ வேண்டுமென்றால் தீ, மழை வேண்டுமென்றால் மழை. அப்படிப்பட்டவனுக்கு என்ன கஷ்டம் வந்துவிடும்? நோட்டுகளைக் கட்டிப் பரணில் போட்டேன். ஒரு வருடத்துக்கு மேல் ஒன்றும் எழுதவில்லை.

2019-ல் வேறு ஏதோ தேடப்போய்த்தான் கடல்கட்டி கிடைத்தார். இந்தக் கரையிலிருந்து பழைய காலத்தில் என்னென்ன ஏற்றுமதியானது என்று படித்துக்கொண்டிருந்தேன். முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு பற்றிய ஆங்கிலேயர் காலக் குறிப்புகளில் அந்தச் சொல் நின்றது. சுறா வந்து குளியாட்களைக் கடிக்காமல் இருக்கக் கடலை மந்திரத்தால் கட்டிவைக்கிறவர் கடல்கட்டி. அது பரம்பரை உத்தியோகம். அவர் வந்து நின்றால்தான் குளியாட்கள் தண்ணீரில் இறங்குவார்கள். துரைமார்களுக்கு இதில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அவரை விட்டுவிட்டுச் சலாபம் நடத்த முடியாது என்பதால் சம்பளப் பட்டியலில் அவரை வைத்திருந்தார்கள். ஒரு குறிப்பில் பித்தளைப் பாத்திரத்துத் தண்ணீரில் போட்ட இரண்டு வெள்ளி மீன்கள் வருகின்றன. கடலுக்குள் யாரையாவது சுறா தொட்டால் பாத்திரத்தில் ஒரு மீன் இன்னொன்றைக் கடிக்கும் என்று நம்பினார்களாம்.

அந்தப் பாத்திரத்தை நான் கண்ணால் கண்டதுபோல இருந்தது. வெளியே நூற்றுக்கணக்கான தோணிகள், தண்ணீருக்கடியில் மூச்சை அடக்கிக்கொண்டு ஆட்கள், கரையில் ஒரு இருட்டறையில் இரண்டு வெள்ளி மீன்களை இமைக்காமல் பார்த்துக்கொண்டு ஒரு ஆள். மாலை அவருக்கும் கூலி உண்டு.

அப்புறம் மார்க்கோ போலோவைத் தேடிப் போனேன். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்தவர், முத்துக்குளிப்பை விவரமாகச் சொல்லியிருக்கிறார். எடுக்கிற முத்தில் பத்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு. மீன்களை மந்திரத்தால் கட்டுகிறவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு. அந்தக் கட்டு அன்றைய பகலுக்கு மட்டும்தான் செல்லும், இரவானால் அவர்களே அதை அவிழ்த்துவிடுவார்கள் என்றும் சொல்கிறார். இரவில் யாரும் திருட்டுத்தனமாகக் குளித்து முத்தெடுக்கக் கூடாது என்பதற்காக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. சுறாவே ராத்திரிக் காவல்காரன். அரசனின் சொத்துக்குப் பூட்டு, அந்தப் பூட்டுக்குச் சாவி ஒரு கூலியாளின் வாயில்.

இருபதில் ஒரு பங்கு என்று படித்ததும் எனக்குள் இருந்த கணக்கெழுத்தாளி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். தமிழில் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. ஒரு மா. பத்தில் ஒன்று இருமா. எண்பதில் ஒன்று காணி, முந்நூற்று இருபதில் ஒன்று முந்திரி. என் தாத்தா கருப்பட்டிக் கணக்கை வீசம், மாகாணி என்றுதான் போடுவார். பதினாறில் ஒன்றுக்கு அந்த இரண்டு பெயர்களும் உண்டு. ராஜாவுக்கு இருமா, கடலைக் கட்டுகிறவருக்கு ஒரு மா என்று ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டினேன். நாவல் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

மந்திரத்துக்கு வரவு இருந்தால் செலவும் இருக்க வேண்டும். கட்டுகிறவர் எதைக் கொடுத்துக் கட்டுகிறார்? இந்தக் கேள்வியோடு ஆறு மாதம் இருந்தேன். ஆயுள், ரத்தம், நினைவு என்று வந்ததையெல்லாம் எழுதிப் பார்த்து அடித்தேன். எல்லாமே எங்கோ படித்தது மாதிரி இருந்தன. விடை என்னோடு வேலை பார்க்கிறவர் வீட்டில் கிடைத்தது.

அவருடைய அப்பா சங்கு குளித்தவர். மூச்சுக்குக் காற்று அனுப்புகிற கம்ப்ரஸர் வருவதற்கு முன்னால், அடக்கிய மூச்சை மட்டும் நம்பி இறங்கியவர். நான் போயிருந்தபோது திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கேள்வி கேட்டால் தலையைத் திருப்பி வலது காதை என் பக்கம் கொண்டுவருவார். கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்துப் பதில் சொல்வார். அடுத்த கேள்விக்கு மறுபடியும் காது. அரைமணி நேரம் இந்தத் திருப்பலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இடது காது எப்போது போனது என்று கேட்டேன்.

"ஒரே நாள்ல போகலம்மா. ஆழத்துல போறப்ப உள்ள டப்புனு ஒரு சத்தம் கேக்கும். மேல வந்து மூக்கச் சிந்துனா ரத்தம் வரும். ரெண்டு நாள் படுத்துட்டு மறுபடி போவோம். வருசத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாப் போச்சு."

வருடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக. பஸ்ஸில் வீடு திரும்பும்போது கைப்பேசியில் ஒரு வரி எழுதினேன்: குளிக்கிறவர்களின் காதுவலியைக் கட்டுகிறவள் வாங்கிக்கொள்கிறாள். ஒரு பருவம் கடலைக் கட்டினால் அவளுடைய கேட்கும் திறனில் ஒரு மா போகும். இருபது பருவம் கட்டினால் ஒன்றும் மிஞ்சாது. கூலி ஒரு மா, செலவும் ஒரு மா. கணக்கு நேராகிவிட்டது. நாவலின் முதல் வரி அந்தப் பஸ்ஸிலேயே வந்துவிட்டது, கடைசிவரை ஒரு எழுத்தும் மாறவில்லை: "அத்தைக்கு இன்னும் மூன்று மா காது மிச்சம் இருந்தது."

அந்த 'அத்தை'யைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதலில் என் கட்டுக்காரிக்குத் தொழில் சொல்லிக்கொடுப்பவரை 'குரு' என்று எழுதியிருந்தேன். குரு என்று எழுதியதுமே இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து தத்துவம் பேச ஆரம்பித்துவிட்டார்கள். சமைப்பதில்லை, சண்டை போடுவதில்லை. ஒருநாள் குருவை எல்லா இடத்திலும் அத்தை என்று மாற்றினேன். அவ்வளவுதான், கதை தானாக நகர்ந்தது. நம் மொழியில் அத்தை என்றால் அப்பாவுடன் பிறந்தவள், நாளைக்கு மாமியாராகவும் ஆகலாம். அத்தைக்கு ஒரு மகன் இருந்தால் அவன் அத்தான். அவனைக் கட்டிக்கொண்டால் தொழில் அதே வீட்டில் நிற்கும். வேறு ஊரில் வாழ்க்கைப்பட்டால் கடலைக் கட்டுகிற வித்தையும் அந்த ஊருக்குப் போய்விடும். இதை நான் விளக்கவே வேண்டாம், 'அத்தை' என்று ஒருமுறை கூப்பிட்டால் போதும், தமிழ் படிக்கிறவருக்கு வீட்டின் மொத்த அரசியலும் தெரிந்துவிடுகிறது. இன்னொரு மொழியில் எழுதுகிறவர் இரண்டு பக்கம் செலவழித்துச் சொல்ல வேண்டியதை நமக்கு ஒரு விளி கொண்டுவந்துவிடுகிறது. கற்பனை உலகம் படைக்கிறவர்கள் வரைபடத்துக்கும் கொடிக்கும் செலவழிக்கிற நேரத்தில் பாதியை, அந்த உலகத்தில் யார் யாரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று யோசிப்பதற்குக் கொடுக்கலாம் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

சொற்களைப் பொறுத்தவரை இன்னொரு முடிவும் எடுத்தேன். நாவலில் 'மந்திரம்' என்ற சொல் ஒரு இடத்திலும் வராது. கட்டு, அவிழ் என்று இரண்டே வினைகள். ஊர்ப்பக்கம் வாய்க்கட்டு, திசைக்கட்டு என்று ஏற்கெனவே சொல்கிறோம். வலையைக் கட்டுகிறோம், மாட்டைக் கட்டுகிறோம், தாலி கட்டுகிறோம், கடன் கட்டுகிறோம். இத்தனை வேலை செய்கிற சொல் கையில் இருக்கும்போது புதிதாக ஒன்றை ஏன் தேட வேண்டும்? மாதப் பெயர்களையும் எடுத்துவிட்டேன். ஆடி, தை என்று எழுதினால் நம் பண்டிகைகள் எல்லாம் பின்னாலேயே வந்துவிடும். காற்றுகளை வைத்துக் காலத்தைச் சொன்னேன். கச்சான் அடிக்கிற காலம், வாடை இறங்குகிற காலம், கொண்டல் வீசுகிற காலம். கடற்கரையில் பிறந்தவர்கள் இந்தப் பெயர்களைப் படிக்கும்போது சட்டையில் காற்றுப் பிடிக்கும்.

நான் பிறந்ததோ கடற்கரையில் இல்லை, உடன்குடிப் பக்கம், தேரியில். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: தேரி என்பது செம்மணல் காடு. மணலின் ஒவ்வொரு பொடியிலும் இரும்புத் துரு பூசியிருப்பதால் அந்தச் சிவப்பு. தென்மேற்குக் காற்று எழும்பும் மாதங்களில் மேடு இடம் மாறும், நேற்று நடந்த தடம் இன்று இருக்காது. அந்த மணலில் கிடைத்த சின்னச் சின்னக் கல் கருவிகளைப் பற்றி சொய்னர், பிரிஜெட் ஆல்ச்சின் என்ற ஆய்வாளர்கள் 1956-ல் எழுதியிருக்கிறார்கள். எங்கள் பனைகளுக்கு அடியில் அவ்வளவு பழைய ஆட்கள் உட்கார்ந்து கல் செதுக்கியிருக்கிறார்கள். தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார் கோவிலில் கள்ளர் வெட்டு என்ற திருவிழா நடக்கும்போது, இளநீரை வெட்டியதும் கூட்டம் பாய்ந்து அந்த ஈரச் செம்மண்ணை அள்ளிக்கொண்டு போகும். சின்னப் பிள்ளையில் நானும் பாவாடையில் ஏந்தி வந்து அரிசிப் பானையில் போட்டிருக்கிறேன். என் நாவலில் ஒவ்வொரு கட்டுக்காரியின் இடுப்பிலும் ஒரு பிடி சிவப்பு மணல் முடிந்திருக்கும். அது வேறெங்கிருந்தும் வரவில்லை.

தாத்தா பனையேறி. கதை சொல்லிக்கொடுத்த தாத்தா என்று நினைத்துவிடாதீர்கள், அவர் அதிகம் பேசவே மாட்டார். ஆனால் அவர் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். தீட்டுப்பலகையில் வெள்ளைக்கல் பொடியைத் தூவி அரிவாளை இழுப்பார். கலயத்தின் உள்ளே விரலால் சுண்ணாம்பு தடவுவார், இல்லாவிட்டால் பதநீர் கள்ளாகிவிடும். ஏறுவதற்கான முருக்குத்தடியை மரத்தில் சாய்த்து, காலில் திளாப்பு என்கிற வளையத்தை மாட்டி, மேலே போய்ப் பாளையின் நுனியைத் தாள் கனத்துக்குச் சீவுவார். அந்தச் சீவலை ஒரு நாளும் விடக்கூடாது. விட்டால் பாளை அடைத்துக்கொள்ளும். ஒரு வருடம் அவர் காய்ச்சலில் விழுந்து எழுந்து போனபோது பல மரங்கள் அடைத்திருந்தன. ஆச்சி, பதநீர் காய்ச்சுகிற குடிசையான விடிலியில் அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

கடல்கட்டியின் கட்டு ஒரு பகலுக்குத்தான் என்று மார்க்கோ போலோவில் படித்தபோது எனக்கு அது விநோதமாகத் தெரியவில்லை. நான் பார்த்த தொழிலும் அப்படித்தான். நேற்றுச் சீவியது இன்றைக்கு உதவாது. நாவலில் வருகிற எல்லாக் கட்டுகளையும் சூரியன் விழுந்தால் அவிழ்த்துவிட வேண்டும், மறுநாள் மறுபடியும் முதலிலிருந்து. என் கதையில் ஒரே ஒரு இரவு, கட்டுக்காரி வேண்டுமென்றே கட்டை அவிழ்க்காமல் தூங்கப் போகிறாள். மீதியெல்லாம் அந்த இரவுக்கு முன்னாலும் பின்னாலும்.

வரைபடத்துக்கு நான் அதிகம் கஷ்டப்படவில்லை. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து கிழக்கே போனால் பெரும்பாலும் அமைந்துவிடும். பாண்டியர் துறைமுகமான கொற்கை இன்றைக்குக் கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, வயலுக்கும் வாழைக்கும் நடுவில் இருக்கிறது. தாமிரபரணி வண்டலைக் கொட்டிக் கொட்டிக் கடலைத் தள்ளிவிட்டது. துறைமுகம் காயலுக்குப் போனது. மார்க்கோ போலோ பார்த்த காயல் அதுதான். அதையும் விட்டுக் கடல் நகர்ந்தது. பழையகாயல் என்ற பெயரிலேயே அந்த வருத்தம் இருக்கிறது. ஒரு விடுமுறை நாளில் கொற்கையில் வயல் வரப்பில் நின்று கிழக்கே பார்த்தேன். கண்ணுக்குக் கடலே இல்லை. கடல் விட்டுப்போன துறைமுகத்தில் கடலைக் கட்டத் தெரிந்தவர்கள் என்ன செய்வார்கள்? நாவலின் இரண்டாம் பாகம் முழுக்க இந்தக் கேள்விதான். தூத்துக்குடிக் கரையில் 1961-க்குப் பிறகு முத்துச் சலாபம் நடக்கவில்லை. கடல்கட்டியின் குடும்பத்துக்கும் ஒருநாள் கடைசிக் கூலி கொடுத்திருப்பார்கள். அதை யாரும் எழுதிவைத்ததாக நான் பார்க்கவில்லை. அதனால் நான் எழுதினேன்.

எழுதிய முறையை எல்லாரும் கேட்கிறார்கள், அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காலை நாலரை முதல் ஆறரை வரை, கையால், அலுவலகத்தில் மிஞ்சிய நீளப் பேரேட்டில். இடது பக்கம் கதை, வலது பக்கம் கணக்கு. எந்த அத்தியாயத்தில் யாருக்கு எத்தனை மா காது மிச்சம், யார் யாருக்கு எவ்வளவு கடன், எந்தக் காற்று. ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியில் தட்டச்சு. 2020-ல் ஊரடங்கு வந்தபோது அலுவலகம் பாதி நாள்தான், அந்த வருடம்தான் முதல் பிரதி முடிந்தது. ஒன்றேகால் லட்சம் சொற்கள். அதில் முப்பதாயிரத்தை வெட்ட இரண்டு வருடம் ஆனது. வெட்டியதில் பெரும்பகுதி நான் ஆசைப்பட்டு எழுதிய வர்ணனைகள். ஒவ்வொரு பக்கத்திலும் அம்மாவின் கேள்வியைக் கேட்டுப் பார்ப்பேன்: இவர்களுக்குப் பசித்தால் என்ன சொல்வார்கள்? பதில் இல்லாத பக்கம் போய்விடும்.

ஒரு பதிப்பகத்தில், இதையே பாண்டியர் காலத்துச் சரித்திர நாவலாக மாற்றித் தாருங்கள், மாயம் வேண்டாம் என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள், நானும் நான்கு நாள் யோசித்தேன். முடியாது என்று எழுதி அனுப்பினேன். சரித்திர நாவலில் கடல்கட்டியை நான் இரண்டே விதமாகத்தான் எழுத முடியும். ஏமாற்றுகிறவராக, இல்லையென்றால் ஏமாந்தவராக. இலங்கையில் ஆங்கிலேய அரசின் அதிகாரியாக இருந்த எமர்சன் டெனன்ட்டின், 1859-ல் வெளிவந்த இலங்கைப் புத்தகத்தில் மன்னார்க் கடலின் இந்தத் தொழில் பற்றி ஒரு குறிப்பு உண்டு. கட்டுகிறவரின் சமயம் என்ன என்பது யாருக்கும் பொருட்டில்லை, அப்போது அந்தக் குடும்பத்தில் மூத்தவராக இருந்தவர் ஒரு ரோமன் கத்தோலிக்கர் என்கிறார். இந்த ஒரு வரியை நான் எத்தனை தடவை படித்திருப்பேன் என்று தெரியாது. குளிக்கிறவர்கள் அவருடைய சாமியைப் பார்க்கவில்லை, அவர் வேலைக்கு வந்துவிட்டாரா என்று மட்டும் பார்த்தார்கள். அத்தனை பேர் தங்கள் உயிரை ஒப்படைத்த அந்த வேலை, ஒரே ஒரு கதையிலாவது உண்மையிலேயே பலிக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். சுறா உண்மையிலேயே வாயை மூடிக்கொண்டு விலகிப் போக வேண்டும். அதற்கு மிகுபுனைவு மட்டும்தான் இடம் கொடுக்கிறது.

பிரதிகள் வந்ததும் முதலில் சங்கு குளித்த பெரியவர் வீட்டுக்குத்தான் கொண்டுபோனேன். அதே திண்ணை. அட்டையை விரலால் தடவிப் பார்த்தார், கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாது, நீயே படி என்றார். வலது பக்கமாக நெருங்கி உட்கார்ந்து முதல் அத்தியாயத்தைச் சத்தமாகப் படித்தேன். அத்தையின் மூன்று மா காது, வெள்ளி மீன்கள், முதல் தோணி கிளம்புகிற விடியல். கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர், கல்லைக் கட்டிக்கொண்டு ஒருவன் இறங்குகிற இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தினார். முடிச்சை ஏதோ தப்பாக எழுதிவிட்டேன் என்று பயந்துபோனேன்.

"அந்தப் பொம்பளைக்குப் பங்கு சரியாக் குடுத்தாங்களா?"

"குடுக்கல ஐயா. அதுக்குத்தான் சண்டை. இருபத்துமூணாவது அத்தியாயத்துல வாங்குவா."

"அப்ப அத மொதல்ல படிம்மா" என்று காதை இன்னும் கொஞ்சம் என் பக்கம் திருப்பினார்.